லண்டன் லீஸ்ஹோல்டு பிளாட்டில் மாற்றம் செய்ய ஃப்ரீஹோல்டரிடம் அனுமதி வாங்குவது எப்படி?

அம்மாவின் முழங்கால் தேய்ந்த பிறகு, குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பதே அவருக்குத் தினமும் ஒரு கண்டம் ஆகிவிட்டது. தொட்டியை எடுத்துவிட்டு, தரையிலேயே தண்ணீர் வடியும் குளியலறையாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். இங்கே அதற்கு வெட் ரூம் என்று பெயர். பில்டர் வந்து பார்த்தார். "அஞ்சு நாள் வேலைதான் அண்ணா, திங்கட்கிழமையே தொடங்கிடலாம்" என்றார். வேலை தொடங்கியது ஐந்து மாதம் கழித்து. அதில் மூன்று மாதம், அனுமதி கேட்டு நான் எழுதிய முதல் கடிதம் சரியில்லாததால் போனது. உங்களுக்கு அப்படிப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

முதலில் 'லீஸ்' என்ற சொல்லைப் பற்றி. சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருப்பது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு லீசிங் என்றால் வாகனத்துக்கு எடுக்கும் கடன். இங்கே லீஸ்ஹோல்டு என்பது இரண்டும் இல்லை. 99, 125 அல்லது 999 ஆண்டுகளுக்கு ஒரு பிளாட்டில் இருக்கும் உரிமையை வாங்குகிறோம். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருடையது. சட்டத்தின் கண்ணில் அவர் வீட்டுக்காரர், நாம் நீண்ட காலக் குடித்தனக்காரர். "என் காசு போட்டு வாங்கிய வீடு, சுவரை எடுக்க யாரைக் கேட்கணும்?" என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கான பதில் லீஸ் பத்திரத்தில் இருக்கிறது.

முதல் படி: லீஸ் பத்திரத்தைத் தேடி எடுங்கள்

வீடு வாங்கியபோது உங்கள் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) கொடுத்த காகிதங்களில் பிரதி இருக்கும். இல்லாவிட்டால் அரசின் நிலப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டு கட்டிப் பிரதி வாங்கலாம். பின்னால் அதன் விதிகளை மாற்றிப் பத்திரம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

பழைய லீஸ்களில் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். பென்சிலை வைத்துக்கொண்டு, முதலில் எது உங்களுடையது என்ற பகுதியைத் தேடுங்கள். இதைப் பலரும் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். நிறைய லீஸ்களில் சுவரின் பூச்சு உங்களுடையது, பூச்சுக்குப் பின்னால் இருக்கும் செங்கல் ஃப்ரீஹோல்டருடையது. தரைப்பலகை உங்களுடையது, அதைத் தாங்கும் மரச்சட்டம் அவருடையது. ஜன்னல் கண்ணாடி உங்களுடையதாகவும் சட்டகம் அவருடையதாகவும் இருக்கும் லீஸ்களும் உண்டு. வெளிச்சுவரும் கூரையும் பெரும்பாலும் அவருடையவை. மேல்மாடிக்காரர்கள் மட்டுமே ஏறிப் பெட்டிகளை வைக்கும் பரண்கூட, லீஸில் எழுதியிருந்தால் ஒழிய அவர்களுடையது ஆகாது.

உங்களுக்குச் சொந்தமில்லாத பகுதியில் கை வைக்க வெறும் அனுமதி போதாமல் போகலாம். பரணை அறையாக்க வேண்டுமென்றால் முதலில் அந்த இடத்தையே விலைக்கு வாங்கி லீஸைத் திருத்த வேண்டும். அதற்கு அவர் கேட்கும் விலைக்குச் சட்டம் வரம்பு வைக்கவில்லை, பேரம்தான்.

நம் வீடுகளில் அடிக்கடி வரும் வேலை ஒன்று இதில் மாட்டும். தாளிக்கும் புகை வெளியே போக அடுப்புக்கு மேல் எக்ஸாஸ்ட் வைத்து, சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாகத் துளை போடுவது. சின்ன வேலை என்று நினைப்போம். ஆனால் துளை விழுவது ஃப்ரீஹோல்டரின் வெளிச்சுவரில். டிஷ் ஆன்டெனா, ஏ.சி.யின் வெளிப்பெட்டி, பாய்லர் புகைக்குழாய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இரண்டாம் படி: தடை எந்த வகை என்று பாருங்கள்

மாற்றங்களைப் பற்றிய விதி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்ற முழுத் தடை. இரண்டு, ஃப்ரீஹோல்டரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்பது. மூன்று, அதே வாசகத்தோடு "நியாயமான காரணம் இல்லாமல் அனுமதியை மறுக்கக்கூடாது" என்றும் சேர்த்திருப்பது.

உங்கள் லீஸ் இரண்டாவது வகை என்றால், 1927ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம், 19ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவு உங்களுக்குத் துணை. நீங்கள் செய்யும் மாற்றம் ஒரு மேம்பாடு என்றால், நியாயமில்லாமல் மறுக்கக்கூடாது என்ற வரியும் லீஸில் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மேம்பாடா இல்லையா என்பதைக் குடியிருப்பவரின் பக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். ஃப்ரீஹோல்டருக்கு அது பிடிக்கிறதா என்பது அதில் வராது. ஆக, இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும் நடைமுறையில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முழுத் தடை கடினம். அங்கே அவர் காரணமே சொல்லாமல் மறுக்கலாம். சம்மதித்தாலும் சிக்கல் வரலாம் என்று 2020 மே மாதம் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் சொன்னது. லண்டன் மெய்டா வேல் பகுதியில் ராண்டால்ஃப் கிரசென்ட்டில் ஒன்பது பிளாட்டுகள் கொண்ட கட்டடம். ஒரு பிளாட்காரர் கீழ்த்தளத்தில் பாரம் தாங்கும் சுவரின் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்டார். ஃப்ரீஹோல்டர் நிறுவனம் கொடுக்கத் தயாரானது. இன்னொரு பிளாட்காரர் வழக்குப் போட்டார். 'டுவல்' வழக்கு என்று பேசப்படுவது இதுதான். அந்தக் கட்டடத்தின் லீஸ்களில், மற்ற பிளாட்காரர்கள் இந்த விதிகளை மீறினால், நீங்கள் கேட்டுச் செலவையும் ஏற்றால் நடவடிக்கை எடுப்பேன் என்று ஃப்ரீஹோல்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு இருக்கும்போது முழுத் தடையை ஒருவருக்கு மட்டும் தளர்த்த முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் லீஸிலும் அப்படி ஒரு வாக்கு இருந்தால், அக்கம்பக்கத்து பிளாட்காரர்களின் சம்மதமும் தேவைப்படும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் லீஸ்ஹோல்டு வேலையே செய்யும் ஒரு சொலிசிட்டரைப் பிடியுங்கள்.

அப்புறம், மாற்றங்களைப் பற்றிய விதியோடு நிறுத்திவிடாதீர்கள். "சமையலறை, குளியலறை தவிர எல்லா அறையிலும் கார்பெட் இருக்க வேண்டும்" என்று வேறொரு பக்கத்தில் ஒரு வரி இருக்கும். கார்பெட்டைப் பிய்த்து மரத்தளம் போட்டுவிட்டுக் கீழ்வீட்டுக்காரரோடு வருடக்கணக்கில் சண்டை போடுபவர்கள் உண்டு. பெயின்ட் அடிப்பது, பழைய அலமாரியை எடுத்து அதே இடத்தில் புதியது வைப்பது போன்றவற்றுக்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: யாரிடம் கேட்பது

ஃப்ரீஹோல்டர் சார்பில் கட்டடத்தைப் பராமரித்து, அதற்கான சர்வீஸ் சார்ஜ் பில் அனுப்பும் மேனேஜிங் ஏஜென்ட்டிடம் கடிதம் போகும். ஆனால் அனுமதி கொடுக்கும் உரிமை ஃப்ரீஹோல்டருடையது. கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) பிளாட்டை வாங்கியவர்களுக்குக் கவுன்சில்தான் ஃப்ரீஹோல்டர். பல கவுன்சில்களில் இதற்குத் தனி விண்ணப்பப் படிவமே இருக்கிறது. நிர்வாக உரிமையைக் குடியிருப்பாளர்களே எடுத்துக்கொண்ட கட்டடம் என்றால், அவர்களின் நிறுவனம் அனுமதி கொடுக்கும். ஆனால் மேம்பாடுகளுக்கு ஒப்புதல் தருமுன் ஃப்ரீஹோல்டருக்கு 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும்.

ஃப்ரீஹோல்டில் உங்களுக்கும் பங்கு இருந்தால்? அப்போதும் எழுதி வாங்க வேண்டும். மூன்று குடும்பங்கள் சேர்ந்து நிறுவனமாக வைத்திருக்கும் கட்டடங்களில் மாடிப்படியில் நின்று பேசி முடித்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து விற்கும்போது பேசிய ஆட்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.

நான்காம் படி: கடிதமும் காகிதங்களும்

என் முதல் கடிதம் இரண்டே வரி. குளியலறையை மாற்றப் போகிறோம், தயவுசெய்து அனுமதி தாருங்கள் என்று எழுதியிருந்தேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஏஜென்ட் ஒரு கேள்வி கேட்டார். பதில் அனுப்பினேன். அடுத்த கேள்வி வர ஒரு மாதம். அவர்கள் சார்பில் கட்டட வேலைகளைச் சரிபார்க்கும் சர்வேயரும் தனியாகக் கேள்விகள் வைத்திருந்தார். மூன்று மாதம் இப்படியே ஓடியது. கோபம்தான் வந்தது. ஆனால் சட்டம் இதில் அவர்கள் பக்கம் இருந்தது. 2004இல் 'இக்பால் எதிர் தக்ரார்' வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என்ன செய்யப் போகிறோம் என்பதை, முடிவெடுக்கும் அளவுக்கு விவரமாகச் சொல்வது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. விவரம் தராவிட்டால் மறுப்பது நியாயமாகிவிடும்.

இரண்டாவது முறை, அவர்களின் சர்வேயர் இடத்தில் என்னை வைத்து யோசித்துப் பார்த்தேன். பிளாட் இருப்பது முதல் மாடி, விக்டோரியா காலத்து வீட்டை மூன்றாகப் பிரித்தது, தரைக்குக் கீழே மரச்சட்டங்கள். அவருக்கு என்ன கவலை இருக்கும்? தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்குமா, வடிகாலுக்காக மரச்சட்டத்தை வெட்டிவிடுவார்களா, புதுக் குழாயைப் பொதுக் கழிவுக் குழாயில் எங்கே இணைப்பார்கள். இந்த மூன்றுக்கும் கடிதத்திலேயே பதில் எழுதினேன்.

தரைப்பலகையை எடுத்துப் படம் பிடித்தோம். சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்று அளந்து வரைபடத்தில் குறித்தோம். கழிவுக்குழாய் சட்டங்களுக்கு இணையாகவே ஓடும். எந்தச் சட்டத்திலும் வெட்டு விழாது என்று எழுதினோம். வடிகாலை நோக்கிச் சரிவு வைத்துத் தயாராக வரும் பலகையைப் பயன்படுத்துவதாகச் சொல்லி, அதன் தயாரிப்பாளர் விவரத்தாளை இணைத்தோம். தண்ணீர் கசியாமல் இருக்க ஓடு பதிக்குமுன் தரையிலும் சுவரிலும் பூசும் பூச்சுக்கு இங்கே டேங்கிங் என்று பெயர். அது எந்தப் பொருள், சுவரில் எவ்வளவு உயரம் வரை, எத்தனை பூச்சு என்று எழுதினோம். ஓடு பதிக்குமுன் அவர்கள் ஆள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேர்த்தோம். அந்த வரிதான் அதிகம் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பதினொரு நாளில் பதில் வந்தது.

உங்கள் வேலை எதுவானாலும் அனுப்பும் காகிதங்களில் இவை இருக்கட்டும்: இப்போதைய வரைபடமும் மாற்றத்துக்குப் பிந்தைய வரைபடமும், அளவோடு, என்ன வேலை, எந்தப் பொருள் என்ற விவரம், பில்டரின் பெயரும், மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்தை ஈடுகட்டும் அவரது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும், வேலை நடக்கும் நாட்கள், நேரம். சுவரை எடுக்கிறீர்கள் என்றால் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரின் கணக்கு கட்டாயம். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு "இது பாரம் தாங்காத சுவர்" என்று பில்டர் சொல்வதை யாரும் ஏற்க மாட்டார்கள், நீங்களும் ஏற்காதீர்கள். மரத்தளம் என்றால் சத்தம் தடுக்கும் அடிவிரிப்பின் விவரம். கட்டடம் 2000க்கு முந்தையது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை அறிக்கை. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். கூரையில் சுழிசுழியாகப் பூசியிருக்கும் பழைய ஆர்டெக்ஸில் அது இருக்கலாம்; சோதிக்காமல் சுரண்ட வேண்டாம்.

கடிதத்தில் லீஸின் எந்த விதியின்படி கேட்கிறீர்கள் என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19(2) பிரிவையும் ஒரு வரியில், மரியாதையாக, குறிப்பிடுங்கள். உங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவர்களுக்குப் புரிந்தால் போதும். கீழ்வீட்டு, மேல்வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் போனபோது கீழ்வீட்டுப் பாட்டி, "எந்த நாளில் அதிகம் சத்தம் வரும்?" என்று மட்டும்தான் கேட்டார்.

ஐந்தாம் படி: பணம்

விண்ணப்பக் கட்டணம், அவர்கள் சர்வேயர் கட்டணம், அவர்கள் சொலிசிட்டர் கட்டணம், மேலே வாட் வரி. மூன்றும் சேர்ந்து ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சகஜம். 19(2) பிரிவின்படி அவர் கேட்கக்கூடியவை இவ்வளவுதான்: முறையாக ஏற்பட்ட சட்டச் செலவும் பிற செலவும், உங்கள் வேலையால் அவர் சொத்தின் மதிப்புக் குறைந்தால் அதற்கு நியாயமான ஈடு. சில சமயம், லீஸ் முடியும்போது பழையபடி ஆக்கித் தருவேன் என்ற உறுதிமொழியும் கேட்கலாம். "அனுமதிக்கு விலை" என்று தனியாக ஒரு தொகை அதில் இல்லை.

பணம் கட்டுமுன் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இந்தக் கட்டணங்கள் நியாயமாக இருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் காமன்ஹோல்டு அண்ட் லீஸ்ஹோல்டு ரிஃபார்ம் சட்டத்தின் 11ஆம் அட்டவணை சொல்கிறது. கட்டணம் கேட்கும் கடிதத்தோடு உங்கள் உரிமைகளைச் சொல்லும் தாளையும் இணைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், வரும்வரை பணத்தைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாம். அதிகம் என்று தோன்றினால் இங்கிலாந்தில் ஃபர்ஸ்ட்-டியர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அரசுப் பணத்தில் நடக்கும் லீஸ்ஹோல்டு அட்வைசரி சர்வீஸ் இலவசமாக ஆலோசனை தருகிறது.

ஆறாம் படி: ஃப்ரீஹோல்டர் தவிர வேறு யார் யார்

ஃப்ரீஹோல்டர் சரி என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. தனி வீடுகளுக்கு இருக்கும், கவுன்சிலின் திட்ட அனுமதி (பிளானிங் பெர்மிஷன்) இல்லாமலே விரிவாக்கம் செய்துகொள்ளும் சலுகை பிளாட்டுகளுக்குக் கிடையாது. வெளித்தோற்றம் மாறும் வேலைக்குக் கவுன்சிலின் திட்டப் பிரிவைக் கேளுங்கள். பாரம் தாங்கும் சுவர், புது வடிகால், மின்சாரம் என்றால், வேலை கட்டட விதிகளின்படி நடக்கிறதா என்று பார்க்கும் பில்டிங் கன்ட்ரோல். பக்கத்து பிளாட்டோடு பொதுவாக இருக்கும் சுவரிலோ தளத்திலோ உத்திரம் செருகினால் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு. வீட்டுக்கடன் வங்கிக்கும் கட்டடக் காப்பீட்டுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

உயரமான கட்டடத்தில் இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த 2022ஆம் ஆண்டின் பில்டிங் சேஃப்டி சட்டப்படி, குறைந்தது 18 மீட்டர் உயரமோ தரைத்தளத்தையும் சேர்த்து ஏழு தளமோ உள்ள குடியிருப்புக் கட்டடங்களில் பில்டிங் கன்ட்ரோல் ஒப்புதலை இங்கிலாந்தில் பில்டிங் சேஃப்டி ரெகுலேட்டர்தான் தர வேண்டும். கவுன்சிலில் வாங்க முடியாது. அதற்கான காலத்தையும் கணக்கில் வையுங்கள். பிளாட்டின் வாசல்கதவை மட்டும் ஒருபோதும் நீங்களாக மாற்றாதீர்கள். அது தீ தடுக்கும் கதவு. அழகான தேக்குக் கதவு போட்டால் மொத்த மாடிக்கும் ஆபத்து.

ஏழாம் படி: லைசென்ஸைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

பெரிய வேலைக்கு அனுமதி பெரும்பாலும் 'லைசென்ஸ் டு ஆல்டர்' என்ற பத்திரமாக வரும். ஏஜென்ட் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் "நோ ப்ராப்ளம்" என்று சொன்னது அனுமதி ஆகாது. பத்திரத்தில் உங்கள் வரைபடங்கள்தான் இணைந்திருக்கின்றனவா, எத்தனை மாதத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும், பழையபடி மாற்றித் தரும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். என் பத்திரத்தில் "ஃப்ரீஹோல்டர் கேட்கும் எந்த நேரத்திலும்" பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று இருந்தது. எழுதிக் கேட்டேன், "லீஸ் முடியும்போது" என்று மாற்றினார்கள். வேலையின் நடுவில் திட்டம் மாறினால் நிறுத்திவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பதில் வராவிட்டால், மறுத்தால்

வீட்டை மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பதற்கு அனுமதி கேட்டால் நியாயமான காலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வீட்டில் செய்யும் மாற்றங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் தேதி போட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் அனுப்பி, எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் அவருடைய சொத்து நலனோடு சம்பந்தப்படாதது என்றால் அது நிற்காது. மறுப்பு நியாயமில்லை என்று அறிவிக்கும்படி கவுண்டி கோர்ட்டில் கேட்கலாம். செலவு அதிகம் என்பதால், திட்டத்தைத் திருத்தி மறுபடி விண்ணப்பிப்பதை முதலில் முயன்று பாருங்கள்.

வீட்டில் இருப்பவரின் உடல் குறைபாட்டுக்காகச் செய்யும் மாற்றம் என்றால் 2010ஆம் ஆண்டின் ஈக்குவாலிட்டி சட்டம், 190ஆம் பிரிவு கூடுதல் பலம். அனுமதியோடு செய்யலாம் என்று லீஸ் சொல்லும் இடத்தில், மறுப்பவர் காரணத்தை எழுதித்தான் தர வேண்டும். மறுப்பு நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. அம்மாவின் மருத்துவர் கடிதத்தை நான் இரண்டாவது விண்ணப்பத்தோடு இணைத்தேன். கவுன்சிலில் இதற்கு உதவித்தொகை உண்டு, வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். இங்கிலாந்தில் உச்சவரம்பு 30,000 பவுண்டு. ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்கினால் அது போய்விடும்.

ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால்

பயந்துபோய் உடனே ஃப்ரீஹோல்டருக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள். முதலில் சொலிசிட்டரிடம் பேசுங்கள். விற்கும்போது இந்தக் குறையை மூட ஒருவகைக் காப்பீடு உண்டு. ஃப்ரீஹோல்டருக்குத் தகவல் போய்விட்டால் அதைக் கொடுக்க மாட்டார்கள். விற்பனைப் படிவங்களில் செய்த மாற்றங்களையும் அதற்கான அனுமதியையும் நேராகவே கேட்பார்கள். பொய் எழுத முடியாது. பெரிய வேலை என்றால், முடிந்த வேலைக்கு இப்போதாவது அனுமதி கேட்பதே சரியான வழி. செலவு முன்னால் கேட்பதைவிடக் கூடும். வீட்டையே பறித்துவிடுவார்கள் என்று மிரட்டல் கடிதம் வந்தால், அது ஒரே நாளில் நடக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே ஒப்புக்கொண்டால் ஒழிய, விதிமீறல் நடந்தது என்று தீர்ப்பாயமோ நீதிமன்றமோ முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆகவே, சொலிசிட்டரைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொண்டு எழுத வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது அலமாரியில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. லைசென்ஸ், வரைபடங்கள், பில்டிங் கன்ட்ரோல் சான்றிதழ், கட்டிய பணத்துக்கு ரசீதுகள். கடைசியில், ஓடு பதிக்குமுன் டேங்கிங் பூசியபோது நான்கு மூலையிலும் எடுத்த படங்கள். அம்மா முக்காலியில் உட்கார்ந்து குளிக்கும் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.